எல்லைக்கு வெளியே பன்னிரண்டு நிமிடம்

சிமெண்ட் கப்பலில் அவருக்குப் பெயர் முக்கால் கேப்டன். பெயர் வைத்தவர் கப்பலின் சமையல்காரர். கேப்டனுக்கு அடுத்த நாற்காலியில், சீஃப் ஆபீசராகப் பதினோரு வருஷம் உட்கார்ந்துகொண்டு, கேப்டன் பரீட்சையையும் பாஸ் செய்துவிட்டு, இன்னமும் கேப்டன் ஆகாத மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவர் கேட்டார். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. சம்பந்தப்பட்டவரும் கோபித்துக்கொள்ளவில்லை. அரை என்று சொல்லாமல் விட்டானே என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

கேப்டன் ஆவதற்கு அவருக்கு இன்னும் முப்பத்து நாலு நாள் பாக்கி. ஒன்பது வருஷமாக அதே முப்பத்து நாலு நாள்தான் பாக்கி.

இதைக் கேட்டவர்கள் எல்லோரும் அவர் கணக்கில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தார்கள். கோளாறு அவர் கணக்கில் இல்லை. சட்டம் சொல்வது இவ்வளவுதான். நம் கொடி கட்டிய கப்பலுக்குக் கேப்டனாக இருப்பவர் நம் நாட்டுக் குடிமகனாக இருக்கவேண்டும். கையில் கேப்டன் சான்றிதழ் இருக்கவேண்டும். அந்தச் சான்றிதழைத் தரவேண்டுமென்றால் பரீட்சையில் தேறியிருக்கவேண்டும், சீஃப் ஆபீசராக முந்நூற்று அறுபத்தைந்து நாள் கடலில் போயிருக்கவேண்டும். குடிமகனா? நம்மவர் ஏழு தலைமுறைக்குக் குடிமகன். பரீட்சையா? முதல் தடவையிலேயே தேறினார். கடல் நாள்? வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருஷத்தில் முந்நூற்று முப்பத்தொன்று சேர்த்துவிட்டார். இன்னும் இரண்டே மாதம் என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லியும் வைத்துவிட்டாள்.

அந்த வாரம் பார்த்துக் கடல் காணாமல் போயிற்று.

நடந்தது இதுதான். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் பெரிய கப்பல்களிடமும் கட்டணம் வாங்கவேண்டும் என்று துறைமுக நிர்வாகத்துக்கு ஆசை வந்தது. வெளியே நிற்கிறவனிடம் வாடகை கேட்க முடியாது. ஆகவே வெளியை உள்ளே கொண்டுவந்தார்கள். யாரோ ஒரு அதிகாரி வரைபடத்தை மேஜையில் விரித்து, அடிக்கோலை வைத்து, நாற்பது மைல் தள்ளி ஒரு கோடு இழுத்தார். அவர் கை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் இருந்திருக்கலாம். சிமெண்ட் கப்பல் தினமும் போய்வரும் தீவு கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டது. தீவின் பின்பக்கம் அரை மைலில் கோடு. அன்றிலிருந்து கப்பல் சிமெண்ட் ஆலைத் துறையில் கிளம்பி, இரண்டு ஆள் உயர அலையில் ஐந்து மணி நேரம் குதித்து, தீவுக்குப் போய்ச் சேர்கிற பயணம் முழுவதும் துறைமுகத்துக்கு உள்ளேயே நடந்தது. புதிதாக வந்த மாலுமிகள் துறைமுகத்துக்கு உள்ளேயே வாந்தி எடுத்தார்கள்.

துறைமுகத்துக்குள் ஓடுகிற நாள் கடல் நாள் ஆகாது.

கப்பல் பணியாளர் அலுவலகத்தின் ஆறாம் கவுண்டரில் இருந்த அம்மாதான் இதை அவருக்கு முதலில் விளக்கினாள். கெட்ட மனுஷி இல்லை. ஃபிளாஸ்கில் இருந்த காப்பியில் பாதியை மூடியில் ஊற்றி அவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னாள்.

"சார், நீங்க கடலுக்கே போகலையே."

"போன வாரம் அடிச்ச காத்துல எங்க கப்பல்ல ரெண்டு ஜன்னல் உடைஞ்சு போச்சும்மா."

"துறைமுகத்துல காத்தடிச்சா நாங்க என்ன சார் பண்றது? விதியை நான் எழுதலை. வாசிக்கத்தான் செய்யறேன்."

வேறு கப்பலுக்குப் போய் முப்பத்து நாலு நாளை முடித்துவிட்டு வரலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவரும் போய்க் கேட்டார். ஆறு கம்பெனிப் படி ஏறி இறங்கினார். ஆறு இடத்திலும் ஒரே பதில்தான். எங்களுக்குச் சமீபத்தில் கடல் அனுபவம் உள்ள சீஃப் ஆபீசர் வேண்டும், நீங்கள் துறைமுகத்துக்குள் இருப்பவர்.

இதில் வாய் நிறையச் சிரித்தவர் ஒருவர் உண்டு. கப்பல் முதலாளி. முந்தைய கேப்டன் ஓய்வு பெற்றபோது, தகுதியுள்ள குடிமகன் யாரும் கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்து, வெளிநாட்டுக்காரர் ஒருவரைக் கேப்டனாகக் கொண்டுவந்தார். கடலில் ஓடும் கப்பல் என்றால் அதற்கு அமைச்சர் வரைக்கும் போய்க் கையெழுத்து வாங்கவேண்டும். துறைமுகத்துக்குள் ஓடுகிற கப்பல்தானே! கீழ்த்தளத்திலேயே, காதும் காதும் வைத்தாற்போல, ஒரு காகிதத்தில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். வருஷா வருஷம் புதுப்பித்தும் கொடுத்தார்கள். தகுதியுள்ள குடிமகன் ஏன் கிடைக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதே கட்டிடத்தில் இரண்டு மாடி ஏறி ஆறாம் கவுண்டருக்குப் போயிருக்கவேண்டும். மின்தூக்கி வேறு பழுது.

வந்த கேப்டன் தாடிக்காரர். கப்பலில் எல்லோருக்கும் தாடி கேப்டன். ஏழு வருஷத்தில் நம் பேச்சைக் கற்றுக்கொண்டு, வாய்க்கு வந்தபடி, ஆனால் புரியும்படி பேசினார். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய்ப் பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருவார். தம் நாற்காலிக்குத் தகுதியான ஆள் தமக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். அதை நினைத்து அவருக்குக் கூச்சமாக இருந்தது. நம் ஆளுக்கும் அவர் மேல் வெறுப்பு வரவில்லை. வரவழைத்துக்கொள்ள முதல் மாதம் கொஞ்சம் முயற்சி செய்து பார்த்தார், முடியவில்லை. அந்த மனிதர் அத்தனை நன்றாகக் கப்பல் ஓட்டினார்.

இப்போது முக்கால் கேப்டனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பரீட்சை பாஸ் செய்த சீட்டு பத்து வருஷம்தான் செல்லும். ஒன்பது முடிந்துவிட்டது. அதற்குள் முப்பத்து நாலு நாள் சேராவிட்டால் மறுபடி முதலிலிருந்து பரீட்சை எழுதவேண்டும், எழுதும் வயதும் தாண்டிவிட்டது. மனைவி பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருந்தாள். குடியிருப்பில் அவளைக் கேப்டன் வீட்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒன்பது வருஷமாக அவள் அதைத் திருத்தவில்லை.

"ஏங்க, இந்த வருஷமாவது ஆயிடுமா ஆகாதா? நானும் எத்தனை பேருகிட்ட தலையாட்டிக்கிட்டே இருப்பேன்?" என்று கேட்பாள். அவர் அசடு வழிந்துகொண்டு செருப்பைத் தேடுவார்.

சமையல்காரர் ஒரு வழி சொன்னார். "முப்பத்து நாலு நாள் வெளிய போனோம்னு லாக் புக்குல எழுதிப் போடுங்க சீஃப். எவன் வந்து கடலை அளக்கப் போறான்?"

முக்கால் கேப்டன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நடக்காததை நான் அந்தப் புத்தகத்துல எழுதினதே இல்ல. இனிமேலும் எழுத மாட்டேன்."

இதுதான் அவருடைய பெரிய குறை. பதினோரு வருஷத்தில், கப்பலின் தினக்குறிப்பான அந்த லாக் புத்தகத்தில் ஒரு காற்றின் திசையைக்கூட அவர் தப்பாக எழுதியதில்லை. மற்ற கப்பல்களில் மறுநாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டே முந்தின நாள் வானிலையைக் கற்பனை செய்து எழுதுவார்கள். இவர் வெளியே போய்த் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்து எழுதுவார்.

தாடி கேப்டன் இதைக் கேட்டுக்கொண்டே வரைபடத்தைப் பார்த்தார். தீவின் பின்பக்கம் விரலை வைத்தார்.

"சீஃப், கோடு இங்க. நாம தீவுக்கு முன்பக்கமா போறோம். பின்பக்கமா சுத்திப் போனா?"

"முக்கால் மணி நேரம் ஜாஸ்தி ஆகும் கேப்டன்."

"கோடு தாண்டுவோம். நிஜமா தாண்டுவோம். நீ நிஜமா எழுது."

முக்கால் கேப்டனுக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. விதியைத் திருப்பித் திருப்பிப் படித்தார். எல்லைக்கு வெளியே கப்பல் சென்ற ஒவ்வொரு நாளும் கடல் நாள் என்றுதான் இருந்தது. எத்தனை நேரம் வெளியே இருக்கவேண்டும் என்று எங்கும் இல்லை. எழுதினவருக்கு அது தோன்றியிராது. இப்படி ஒரு மனிதர் வருவார் என்று எந்த விதி எழுதுகிறவருக்குத்தான் தோன்றும்?

முதல் நாள் கோட்டைத் தாண்டியபோது அவர் கப்பலை ஓட்டும் மேல்தள அறையின் ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கத்துத் தண்ணீரும் இந்தப் பக்கத்துத் தண்ணீர் மாதிரியேதான் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் இப்படிச் சுற்றிவிட்டு வருவது வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கப்பலுக்குக் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்த தாடி கேப்டன் திரும்பி, "கடல்ல இருக்க, சீஃப். எப்படி இருக்கு?" என்று கேட்டுச் சிரித்தார். பதினொன்று நாற்பதுக்கு எல்லையைக் கடந்தோம், பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு எல்லைக்குள் திரும்பினோம் என்று முக்கால் கேப்டன் அழகான கையெழுத்தில் எழுதினார்.

உள்ளே நுழைந்ததும் துறைமுக ரேடியோ கூப்பிட்டது. கடலிலிருந்து வரும் கப்பலிடம் கேட்கும் கேள்விகளைக் கேட்டது.

"எங்கேயிருந்து வர்றீங்க?"

"கடல்லேர்ந்து."

"எவ்வளவு நாளா கடல்ல இருந்தீங்க?"

"பன்னிரண்டு நிமிஷமா."

ரேடியோ அடுத்த கேள்விக்குப் போனது. "கப்பல்ல யாருக்காவது தொத்து வியாதி உண்டா?"

"போகும்போது இல்லை. அதுக்கப்புறம் யாரையும் பார்க்கலை."

இப்படியே முப்பத்து நாலு நாள். தினமும் பன்னிரண்டு நிமிடம், மழை பெய்த ஒரு நாள் மட்டும் பதினான்கு. அந்த வருஷம் கடலிலிருந்து வந்து சேர்ந்த கப்பல்களின் எண்ணிக்கை கூடியிருப்பதாகத் துறைமுக நிர்வாகம் அறிக்கையில் பெருமையடித்துக்கொண்டது.

முப்பத்தைந்தாவது நாள் முக்கால் கேப்டன் தலைமுடி வெட்டிக்கொண்டு, லாக் புத்தகத்தின் நகலையும், ஒவ்வொரு நாளுக்கும் தாடி கேப்டன் கையெழுத்துப் போட்ட சேவைப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஆறாம் கவுண்டருக்குப் போனார். அந்த அம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, விரல் வைத்து எண்ணினாள். முந்நூற்று அறுபத்தைந்து. நிமிர்ந்து பார்த்து மனசாரச் சிரித்தாள். "முடிஞ்சுது சார். கையெழுத்துப் போட்ட கேப்டனோட அனுமதிக் காகிதம் ஒரு நகல் மட்டும் வேணும். ஃபைலுக்கு."

கீழ்த்தளத்தில் போய் நகல் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அவள் ஃபைலில் வைக்கப்போனவள், வாசித்தாள். வாசிக்கிற பழக்கம் அவளை விடவில்லை. சிரிப்பு போய்விட்டது.

"சார், இதுல 'துறைமுக எல்லைக்குள் மட்டும்'னு போட்டிருக்கே. இவர் வெளிநாட்டுக்காரர். எல்லைக்கு வெளிய இவர் கேப்டனா இருக்கக் கூடாதே. அப்ப அந்தப் பன்னிரண்டு நிமிஷம் யாரு சார் கேப்டன்?"

ஏழு வருஷமாகக் கப்பலின் மேல்தள அறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த காகிதம் அது. அதன் கீழே நின்றுகொண்டுதான் இரண்டு பேரும் கோட்டைத் தாண்டத் திட்டம் போட்டிருந்தார்கள்.

விஷயம் மேல்மாடிக்குப் போனது. மறு வாரம் விசாரணை. விசாரணை அதிகாரி அறையில் பெரிய பாய்மரக் கப்பல் படம் மாட்டியிருந்தது. மனிதர் இளவயது, மரியாதை தெரிந்தவர். முக்கால் கேப்டனை உட்காரச் சொல்லி, இரண்டு காகிதங்களை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"சார், சட்டப்படி ரெண்டே வழிதான் இருக்கு. எல்லைக்கு வெளியேயும் அந்த வெளிநாட்டுக்காரர்தான் கப்பலை ஓட்டினார்னா, அவர் அனுமதியை மீறினவர். அவர் சான்றிதழை முடக்கி, அவர் நாட்டுக்கும் எழுதிடுவோம். அப்புறம் மூணு வருஷத்துக்கு உலகத்துல எந்தக் கப்பல்லயும் அவரை ஏத்த மாட்டாங்க. நீங்க ஒழுங்கா சீஃப் ஆபீசர் வேலை பார்த்திருக்கீங்க. முப்பத்து நாலு நாளும் உங்க கணக்குல சேரும். அடுத்த வாரம் சான்றிதழ்."

"இன்னொண்ணு?"

"எல்லைக் கோட்டுல அவர் பொறுப்பை உங்ககிட்ட கொடுத்துட்டார்னு வைங்க. அப்ப அவர் மேல தப்பு இல்ல. ஆனா நீங்க சான்றிதழ் இல்லாம கேப்டனா இருந்தவர். ஒரு வருஷம் சஸ்பென்ஷன். அதோட, அந்த நாளெல்லாம் நீங்க கேப்டன், சீஃப் ஆபீசர் இல்ல. அதனால கணக்குல வராது."

முக்கால் கேப்டன் இதை மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். கேப்டனாக இருந்ததால் கேப்டன் ஆக முடியாது. எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. ஒன்பது வருஷத்தில் அவர் பார்த்த விதிகளிலேயே இதுதான் தண்ணீர் புகாமல் கட்டப்பட்டிருந்தது.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "நம்ம ஆளு கேப்டனா வரணும்னுதான் சார் இந்தச் சட்டமே. இந்த வருஷ அறிக்கையில குடிமகன் கேப்டன்னு காட்ட ஒருத்தர்கூட இல்ல. உண்மையைச் சொல்லுங்க, போதும்."

உண்மையைச் சொன்னால் போதும். ஆயுசு முழுக்க அவர் செய்துகொண்டிருந்த காரியம். முப்பத்து நாலு நாளும் கட்டளை கொடுத்தது தாடி கேப்டன். சுக்கானுக்குப் பக்கத்தில் நின்றவர் அவர், திருப்பச் சொன்னவர் அவர். நம் ஆள் ஓரத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு மணியை எழுதினார். உண்மை அவர் பக்கம், சட்டம் அவர் பக்கம், மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியும் அவர் பக்கம். இப்படி எல்லாம் ஒன்றுகூடி வருவதற்குத்தான் ஒன்பது வருஷம் காத்திருந்தார். ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டவேண்டிய அவசியம் தாடிக்காரருக்கு இல்லை. தாண்டியது இவருக்காக.

"நான்தான் சார் கேப்டன்," என்றார்.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"கோடு வந்ததும் அவர் பொறுப்பை என்கிட்ட கொடுத்துட்டுக் கீழே போயிடுவார். டீ குடிக்க."

"முப்பத்து நாலு நாளுமா?"

"அவருக்கு டீன்னா உயிர் சார். சமையல்காரரைக் கேளுங்க, அவர்தான் போட்டுக் கொடுத்தது."

அது அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் உத்தியோகப் பொய். முதல் பொய் என்பதால் தேவைக்கு மேல் விவரம் சேர்த்துவிட்டார். சமையல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் கண் இமைக்காமல், முப்பத்து நாலு டீ, இருபது சர்க்கரை போட்டது, பதினான்கு போடாதது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கீழே ஆறாம் கவுண்டருக்கு எதிரே காத்திருந்த தாடி கேப்டன் விஷயம் தெரிந்ததும் முகம் சிவந்துவிட்டார். "ஏன் பொய் சொன்ன? நான் மேல போறேன். நான் சொல்றேன்." படியில் கால் வைத்தவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார் நம் ஆள்.

"போய்ச் சொன்னீங்கன்னா ரெண்டு பேருக்கும் வேலை போகும் கேப்டன். உங்களுக்கு விதி மீறினதுக்கு, எனக்குப் பொய் சொன்னதுக்கு. பேசாம வாங்க."

தாடிக்காரர் படியிலேயே உட்கார்ந்து அழுதார். அத்தனை பெரிய ஆள் அழுவதைப் பார்க்க ஆறாம் கவுண்டர் வரிசை முழுவதும் திரும்பியது.

நான்கு நாளில் உத்தரவு வந்தது. முக்கால் கேப்டன் ஒரு வருஷத்துக்கு எந்தக் கப்பலிலும் அதிகாரியாக இருக்கக் கூடாது. அந்த ஒரு வருஷத்தில் பரீட்சைச் சீட்டும் செல்லாமல் போகும். தகுதியுள்ள குடிமகன் கிடைக்காததால் தாடி கேப்டனின் அனுமதி வழக்கம்போலப் புதுப்பிக்கப்பட்டது. சீஃப் ஆபீசர் இடம் காலியானதால், அதற்கும் தகுதியுள்ள குடிமகன் கிடைக்காமல், இன்னொரு வெளிநாட்டுக்காரர் வந்தார். குடிமக்களைக் காப்பாற்றும் சட்டம் இப்படியாக அந்தக் கப்பலில் இருந்த கடைசிக் குடிமகன் அதிகாரியையும் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவைத்தது.

உத்தரவை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் நிலையத்துக்குப் போனார். மனைவியின் கவுண்டரில் நீண்ட வரிசை. புகுந்து போக மனசு வராமல் கடைசியில் போய் நின்றார். முறை வந்ததும் அவள் தலை நிமிராமலே, "எங்க?" என்றாள்.

"நான்தான்."

அவர் முகத்தைப் பார்த்தவள், கவுண்டருக்குள்ளிருந்த பலகையைத் திருப்பி வைத்தாள். அடுத்த கவுண்டருக்குப் போகச் சொன்னதால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பக்கத்துக் கதவு வழியாக அவரை உள்ளே அழைத்து, ஸ்டூலில் உட்காரவைத்து, உத்தரவை வாங்கி நின்றபடியே முழுவதும் படித்தாள். அவளும் காகிதம் படிக்கிற உத்தியோகம்தான், ஒரு வரி விடவில்லை.

"பொறுப்பைக் கொடுத்துட்டு டீ குடிக்கப் போனாரா? நீங்க என்கிட்ட அப்படிச் சொல்லலையே. அந்தத் தாடிதான் ஓட்டினார்னு தினம் வந்து கதை சொன்னீங்களே."

"ஆமா."

"அதை அங்க சொல்லியிருந்தா?"

"அடுத்த வாரம் நான் கேப்டன்."

"அந்த ஆளு?"

"மூணு வருஷத்துக்கு எந்தக் கப்பல்லயும் ஏற முடியாது. அவருக்கு ரெண்டு பிள்ளைங்க."

அவள் கோபத்தில் காகிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். ஒன்பது வருஷம் எத்தனை பேரிடம் தலையாட்டியிருப்பாள். அவள் கண் கலங்கிவிட்டது. அவரால் தலையைத் தூக்கவே முடியவில்லை.

"வீட்டுக்கு வந்து என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா," என்றாள், "அந்த ஆளைக் காட்டிக் கொடுத்துட்டு வாங்கன்னுதான் சொல்லியிருப்பேன்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு, பலகையைத் திருப்பி வைக்கக் கையை நீட்டினாள்.

"நல்ல வேளை, நீங்க கேக்கல."